விமானம் கடக்கும் வரை

விமானம் தலைக்கு மேலே போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது மில் காலனிக்காரர்களின் பழக்கம். சண்டை போடுகிறவர்கள்கூட அப்படித்தான். ஓங்கிய கையோடு அப்படியே நிற்பார்கள். இரைச்சல் தேய்ந்ததும் மீதி வசவைத் திட்டி முடிப்பார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இதைக் கண்டு சிரித்ததுண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் விமான நிலையம். அதன் சுற்றுச்சுவரை ஒட்டி, மூடிப்போன நூற்பாலையின் பழைய குடியிருப்பு. ஓடுபாதை முடிகிற இடத்தில் காலனியின் முதல் தெரு தொடங்குகிறது.

தமயந்தி அந்தக் காலனிக்கு மருமகளாக வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். மகள் ஓவியாவின் பெயரில் டிரைவிங் ஸ்கூல். புருஷன் குருநாதன் பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மன். விமான நிலையத்துக்கு இரண்டாவது ஓடுபாதை போடப்போகிறார்கள், விமானங்கள் மூன்று மடங்காகும் என்று செய்தி வந்தபோது காலனியில் முதலில் எழுந்து நின்றவர் அவர்தான். எதிர்ப்புக் குழு சேர்த்தார். வீடு வீடாக ஏறி இறங்கினார். சாலையில் உட்கார்ந்து கைதாகி, சாயந்திரம் கல்யாண மண்டபத்திலிருந்து விடுதலையாகி வந்தார். கடைசியில் கோர்ட் ஒரு நிபந்தனை போட்டது. காலனியின் பொதுக்கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் எதிர்த்துக் கை தூக்கினால் ஓடுபாதை கிடையாது. இல்லாவிட்டால் உண்டு. கூட்டம் ஒரு வருடம் கழித்து.

அந்த ஒரு வருடத்தில்தான் மொட்டு வந்தது.

காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டிக்கொள்ளும், மல்லிகை மொட்டு அளவிலான சின்னக் கருவி. நிலையத்தை நடத்துகிற கம்பெனி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. விமானச் சத்தம் மட்டும் கேட்காது, மற்றதெல்லாம் கேட்கும் என்றார்கள். "வாய்க்கரிசி போடறானுக, யாரும் வாங்காதீங்க" என்று குருநாதன் தெருத்தெருவாகக் கத்தினார். ஆனால் அவருக்குத் தூக்கம் போய் மூன்று வருடமாகியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறி, ஒருநாள் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், யாருக்கும் சொல்லாமல் மொட்டை ஒட்டிக்கொண்டு படுத்தார். மறுநாள் காலையில்தான் எழுந்தார். எழுந்தவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் அழுதார்.

அதற்குப் பிறகு காலனியில் மொட்டு இல்லாத காதைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் மாட்டக்கூடாது. வண்டி ஓட்டும்போது கழற்றிவிட வேண்டும். நாளெல்லாம் காரில் இருப்பவள் என்பதால் தமயந்தி அதை வாங்கிக்கொள்ளவே இல்லை.

* * *

தனசேகர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர், காலனி சங்கத்தின் தலைவர், ஐம்பது வயதுக்கு மேல் கார் பழக வந்தவர். மூன்று மாதமாகியும் ஸ்டியரிங்கை, கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். அன்றைக்கு அவர் மொட்டைக் கழற்ற மறந்துவிட்டார். தமயந்தியும் கவனிக்கவில்லை.

விமானம் வந்தது. வழக்கமாக அந்த இரைச்சலுக்கே கால் நடுங்கி வண்டியை நிறுத்திவிடுவார். அன்று நிற்கவில்லை. கார் அதே வேகத்தில், முன்னே ஆள் இறக்கிக்கொண்டிருந்த பஸ்ஸை நோக்கிப் போனது. தமயந்தி திரும்பிப் பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டு ஆள் வெளியே போன வீடு மாதிரி இருந்தது அந்த முகம்.

"பிரேக்!"

கார் குலுங்காமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வேகம் குறைந்து நின்றது. அவர் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.

தமயந்திக்கு என்ன தோன்றியதோ, மெதுவாகச் சொன்னாள். "இண்டிகேட்டர் போடுங்க. ஓரங்கட்டுங்க. அந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல விடுங்க."

விட்டார். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. விமானம் போய், இரைச்சல் தேய்ந்தது.

"ஏனுங் மேடம்," என்றார் தனசேகர், சுற்றுமுற்றும் பார்த்து. "நீங்களே நிறுத்திட்டீங்களா? நான் இன்னிக்கு நல்லாத்தானுங்களே ஓட்டிட்டு வந்தேன்?"

அன்று சாயந்திரம் தமயந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். இத்தனை நாளும் விமானம் வரும்போது அவளும் மற்றவர்களைப்போல் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் முகங்களைப் பார்த்தாள்.

விமானத்தின் நிழல் தெருமுனையைத் தொட்டதும் பேச்சு நின்றது. அது பழையது. ஆனால் வேறு எதுவும் நிற்கவில்லை. இஸ்திரிக்காரர் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், சிரிப்பில்லாமல், ஒருவரையொருவர் தொடாமல். எதிர்வீட்டில் ரேவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் தொட்டிலில் கிடந்த ஏழு மாதக் குழந்தை, இரைச்சலில் பயந்து, முகம் நீலம்பாரிக்கக் கத்தியது. ரேவதி அடுத்த துணியை எடுத்தாள். ஓரம் பார்த்து மடித்தாள். குழந்தையின் கை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. இன்னொரு துணியை எடுத்தாள்.

விமானம் கடந்தது. ரேவதி குனிந்து பார்த்துச் சிரித்தாள். "அடக் கண்ணு! இப்பத்தான் எந்திரிச்சியா?"



* * *

மொட்டு கொடுக்கிற உதவி மையம் காலனி நூலகத்தின் பாதியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் டாக்டர் எழிலரசி. காது நிபுணர், கம்பெனிச் சம்பளக்காரர், நாற்பதைத் தொடாத வயது. தமயந்தி சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"பொய் சொல்லப் போறதில்லம்மா," என்றார். "அத்தனை பெரிய சத்தத்தை எதாலயும் அமுக்க முடியாது. பத்து வருஷம் முயற்சி பண்ணோம். கடைசியில சத்தத்தை விட்டுட்டோம். கேக்குற ஆளை எடுத்துட்டோம்."

"எடுத்து எங்கீங்க வெக்கறீங்க?"

"எங்கயும் இல்ல. முப்பது, நாற்பது செகண்டுக்கு அந்த ஆள் இல்ல, அவ்வளவுதான். உடம்பு பழக்கத்துல ஓடிட்டிருக்கும். திரும்பி வந்ததும் மூளை முன்னையும் பின்னையும் சேத்துத் தைச்சுக்கும். தையல் போட்டது அவங்களுக்குத் தெரியாது."

"ரெண்டாவது ரன்வே வந்துச்சுன்னா?"

"ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு பிளேன்."

தமயந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். "அப்பப் பாதி நாள் இருக்கவே மாட்டாங்களே?"

"பொழுது சீக்கிரம் போற மாதிரி இருக்கும். அதுக்கு மேல தெரியாது." டாக்டர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அந்த நேரத்துல பக்கத்துல இருக்கறவங்க எதாச்சும் சொன்னா?"

எழிலரசியின் கையிலிருந்த பேனா நின்றது. வெகுநேரம் தமயந்தியின் முகத்தையே பார்த்தார். "நீங்க சொல்லிப் பாத்தீங்களா?"

"தனசேகர் அண்ணன் ரிவர்ஸ் பார்க்கிங் போட்டாருங்க."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத வெளிய சொல்லாதீங்கம்மா. தப்பான ஆளுங்க கைக்குப் போனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க." அப்புறம் அவள் பெயரையும் எந்த வீடு என்பதையும் கேட்டுக்கொண்டார்.

தமயந்தி வெளியே சொல்லாமல் இல்லை. குருநாதனிடம் சொன்னாள். நம்பவில்லை என்று செல்போனில் படம் பிடித்தும் காட்டினாள். படத்தில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார். விமானம் வருகிறது. கை பிசைகிறது, வாய் மெல்லுகிறது, அவர் முன்னால் தமயந்தியின் விரல் இப்படியும் அப்படியும் அசைகிறது, கண் அதைத் தொடரவே இல்லை. குருநாதன் இரண்டு தடவை பார்த்தார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தூங்கறப்பக் கூடத்தான் நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாது. அதுக்குன்னு தூங்காம இருக்க முடியுமா?"

"எதுத்தாப்புல அந்தக் கொழந்தை கத்துதுங்க. பெத்தவ துணி மடிச்சிட்டிருக்கா."

"செத்த நேரம் அழுதா ஒண்ணும் ஆவாது." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "மூணு வருஷம் நான் பட்டது உனக்குத் தெரியும். கூட்டத்துல எதுத்துக் கை தூக்கச் சொல்லி என்னைக் கேக்காத. நான் தூக்க மாட்டேன்."

* * *

முதல் தடவை அவள் செய்தது மாத்திரைக்காகத்தான். ரத்த அழுத்த மாத்திரை என்றால் குருநாதனுக்குச் சண்டை. ஒருநாள் காலையில், மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து வாதாடிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தது. அவள் குனிந்து அவர் காதோரம், "முழுங்குங்க" என்றாள். விழுங்கினார். திரும்பி வந்தவர், காலியான உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "போட்டுட்டேன், இப்ப நிம்மதியா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

அப்புறம் சிகரெட்டை அணைக்கச் சொன்னாள். அப்புறம், முகம் கழுவச் சொன்னாள். சில சமயம் எதுவும் செய்யச் சொல்லாமல், வருடக்கணக்கில் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னாள்: உங்கம்மா செத்தப்ப நான் அழுதது நடிப்புங்க. உங்களை எனக்குப் புடிக்கும், ஆனா உங்க பிடிவாதத்தை ஒருநாளும் புடிச்சதில்ல. அந்தத் திறந்த கண்கள் அவளைப் பார்த்தபடி இருந்தன. விமானம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தான் காத்திருப்பதை ஒருநாள் கவனித்தாள். இருபது வருடமாக எந்தச் சத்தத்தைச் சபித்தாளோ அந்தச் சத்தத்துக்காக.

ஓவியா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் நான்கு வருடமாகிறது. குருநாதன் அன்றிலிருந்து அவள் பெயரை வாயில் எடுத்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் பலகையை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. பேரன் பிறந்ததைத் தமயந்தி சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய செல்போனில் மகளின் எண் அழிக்கப்படாமல் இருப்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விமானத்தின் முதல் உறுமல் கேட்டதும், அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கண் காலியாகும் வரை காத்திருந்தாள். "ஓவியாளுக்குப் போன் போடுங்க," என்றாள்.

அவர் விரல் எண்ணைத் தேடி அழுத்தியது. மணி அடித்தது. விமானம் தேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம், "அப்பா?" என்றாள் ஓவியா. ஒரு வார்த்தைதான். குருநாதன் திரும்பி வந்தார். கையில் செல்போன். அதில் மகளின் குரல். அவர் முகத்தில் திகைப்பு வந்தது, பிறகு ஏதோ ஒன்று உடைந்தது. "அம்மிணி," என்றார். "நல்லாருக்கியா அம்மிணி?" செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்று முழுக்கத் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். "மனசு கேக்கலைங்க. எத்தன நாளைக்கு வீறாப்பு? நானே போன் போட்டுட்டேன்."

தமயந்தி அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

* * *

பொதுக்கூட்டம் பழைய மில்லின் கேன்டீன் கூடத்தில் நடந்தது. கோர்ட் சொன்னபடி உத்தரத்தில் ஒரு கேமரா. படம் மட்டும், ஒலி இல்லை. பச்சை விளக்கு எரியும்போது தூக்கிய கைகளை அதுவே எண்ணிக்கொள்ளும். வெளியாட்கள் யாரும் இல்லை, கம்பெனி சார்பில் வந்த எழிலரசியைத் தவிர. அவர் கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்துப் பேச யாரும் முன்வரவில்லை. தமயந்திதான் எழுந்து மைக்கைப் பிடித்தாள். தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். ரேவதி முகத்தைச் சுளித்தாள். "என்ற கொழந்தைய நான் பாத்துக்க மாட்டேனாக்கா? சபையில இப்பிடிச் சொல்றீங்களே!" கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் குருநாதன் தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் கட்டிய போராட்டத்தைப் பெண்டாட்டி இப்படிப் பேசிக் கேலிக்கூத்தாக்குகிறாளே என்று யாரோ சொன்னார்கள்.

தனசேகர் எழுந்தார். "செரிங்க, பேசியாச்சு. ஓட்டுக்குப் போயிரலாம்." பச்சை விளக்கு எரிந்தது. "மொதல்ல ஓடுபாதைய எதுக்கறவங்க..."

அங்கே நின்றது அவர் வாக்கியம். விமானம்.

கூரைத் தகடு அதிர்ந்தது. முந்நூறு, நானூறு முகங்களும் ஒரே சமயத்தில் காலியாயின. விசிறிக்கொண்டிருந்த கைகள் விசிறின. கால் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டினார்கள். கூடத்தில் அங்கங்கே மடியிலிருந்த கைக்குழந்தைகள் மட்டும் வீறிட்டன. அந்தக் காலிக் கண்களுக்கு அப்பால், கடைசிச் சுவரோரத்தில், ஒரே ஒரு ஜோடிக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழிலரசி அசையவில்லை.

மைக் தமயந்தியின் கையில் இருந்தது.

"மொட்டைக் கழட்டுங்க," என்றாள்.

நூற்றுக்கணக்கான கைகள் காதுக்குப் பின்னால் போயின. மொட்டுகள் உள்ளங்கைக்கு வந்தன. இதோ, இப்போது அந்த இரைச்சல் அவர்கள் தலையில் இடியாக விழப்போகிறது, அலறப்போகிறார்கள், பிறகு அவர்களே முடிவெடுக்கட்டும் என்று அவள் நினைத்தாள். யாரும் அலறவில்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மொட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூரை பிய்ந்துபோகிற சத்தத்துக்கு நடுவே, அதே வெறுமையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எழிலரசி எப்போது எழுந்து வந்தாரோ, அவள் காதருகே வாயை வைத்துச் சொன்னார். "சில மாசம் போட்டுட்டா அப்புறம் மொட்டு தேவையில்லம்மா. மூளை பழகிக்கும். இவங்க யாருக்கும் இனி அது வெறும் பிளாஸ்டிக்."

விமானம் தாண்டிக்கொண்டிருந்தது. தமயந்தி முன்வரிசையைப் பார்த்தாள். குருநாதனின் உதடு கொஞ்சம் பிரிந்திருந்தது. இந்த மனுசன் பாதி நாள் இல்லாமல் போகப்போகிறார், போனது தெரியாமலே. ரேவதி. தனசேகர். தொட்டிலில் கிடக்கும் அந்தப் பிள்ளை, ஐந்து வயதானதும். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"எல்லாரும் கை தூக்குங்க," என்றாள்.

காடு எழுந்ததுபோல் கைகள் எழுந்தன.

இரைச்சல் தேய்ந்தது. கூடம் திரும்பி வந்தது. தன் கை மேலே இருப்பதை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவன் கையும் மேலே. கேமரா கீச்சென்று ஒலித்து எண்ணி முடித்தது. பிறகு குருநாதன் எழுந்தார். கையிலிருந்த மொட்டை எல்லோருக்கும் காட்டினார்.

"கழட்டிட்டுக் கேட்டாத்தான் தெரியுமுன்னு கழட்டுனேன்," என்றார். குரல் பழைய குருநாதனுடையது. "நாம மொதல்ல எதுக்கு எந்திரிச்சு நின்னோம்? அத மறந்துட்டு இவனுக போட்டதுக்கு மயங்கலாமா?"

கூடம் கைதட்டியது. எல்லோருக்கும் ஆளுக்கொரு காரணம் கிடைத்துவிட்டிருந்தது. ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து தமயந்தியைக் கட்டிக்கொண்டாள். "நீங்க சொன்னது மனசுல தைச்சிருச்சுக்கா." தமயந்தி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

* * *

கம்பெனி மேல்முறையீடு செய்யவில்லை. இரண்டாவது ஓடுபாதைத் திட்டம் கைவிடப்பட்டது என்று ஒரு பத்தியில் செய்தி வந்தது. காலனியில் பட்டாசு வெடித்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து எழிலரசி டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டதாகவும் ஊருக்குப் போவதாகவும் சொன்னார். உட்காரவில்லை.

"ஏனுங்க கோர்ட்டுக்கு மறுபடியும் போகல?" என்று தமயந்தி கேட்டாள். அந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அந்த நேரத்துல எந்த பிளேனும் வர்றதா இல்லம்மா," என்றார் எழிலரசி.

தமயந்திக்குப் புரியவில்லை.

"ஒரு ஆள் சொன்னா ஒரு ஆள் கேப்பாங்கன்னு நீங்க எங்கிட்ட சொன்ன அன்னைக்கே மேல இருக்கறவங்களுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். ஒரு கூட்டமே கேக்குமான்னுதான் தெரியல. அதப் பாக்கத்தான் அந்த பிளேனை விட்டாங்க. கம்பெனி ஆள் யாராவது சொல்லிப் பாத்தா நாளைக்கு கேஸ் ஆயிடும். 'அந்தம்மா சொல்லுவாங்க, தடுக்காம பாருங்க'ன்னாங்க. பாத்தேன்." அவர் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார். "அந்த வீடியோவைப் பாத்தப்புறம் ரன்வே பத்தி அவங்க பேசறதே இல்ல. இப்ப வேற வேற ஊர்ல மொட்டு கொடுக்கப் போறாங்க. ரயில்வே லைன் பக்கம், பெரிய ஃபேக்டரிங்க பக்கம். சத்தம் இருக்கற இடத்துல எல்லாம்."

அவர் போனபிறகு தமயந்தி வெகுநேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. அன்று வகுப்புக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாடு முடிந்து குருநாதன் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரிவர்ஸ் பார்க்கிங். மாத்திரை. கேன்டீன் கூடம். எழிலரசி. நடுவில் ஒரு விமானம் வந்தது. அவர் கண் காலியானது. கோபப்படாதீங்க என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது போய் அவர் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக யாரோ போட்ட பொன்னாடை நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. குருநாதன் அதை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார்.

"அம்மிணிக்குப் போன் பண்ணுனது?"

தமயந்தி ஆமென்று தலையை ஆட்டினாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார்.

வெயில் ஜன்னல் கம்பியில் ஏறும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். செல்போன் அடித்தது. ஓவியா. அந்த நேரத்தில்தான் அவள் தினமும் கூப்பிடுவாள், பேரன் தூங்கி எழுந்ததும். குருநாதன் கை நீண்டு, பாதியில் நின்றது. எடுக்கலாமா என்று அந்தக் கை யோசித்துக்கொண்டிருக்கும்போதே விமானம் வந்தது.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. 'எடுங்க' என்று ஒரே ஒரு சொல் போதும். தமயந்தி எழுந்து கூடத்தின் மறுகோடிக்குப் போய், சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். மணி அடித்து ஓய்ந்தது.

விமானம் போனது. குருநாதன் திரும்பி வந்தார். அடங்கிப்போன செல்போனைப் பார்த்தார். அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தார்.

"இப்ப, நான் இல்லாதப்ப, எதாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. நம்பினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி ஒவ்வொரு விமானத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

குருநாதன் செல்போனைக் கையில் எடுத்தார். மகளின் எண்ணுக்கு மேல் விரல் நின்றது, பின்வாங்கியது, மறுபடியும் போனது.

"பேசறதுன்னா இப்பப் பேசிரோணும்," என்றார், அவளிடமா தன்னிடமா என்று தெரியாமல். "அடுத்தது வர்றதுக்குள்ள."

அழுத்தினார். மணி போகத் தொடங்கியது. ஒரு தடவை. இரண்டு தடவை. தமயந்தி ஜன்னல் வழியே பார்த்தாள். ஓடுபாதைக்கு மேலே, வெகு தூரத்தில், ஒரு வெள்ளிப் புள்ளி திரும்பிக் காலனியைப் பார்த்து நின்றது.